அப்பம் கொடுக்கும் கை: காவிரி டெல்டாவின் ஒரு சேகரத்தில் பெண் குருவானவர் நியமனம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு புராட்டஸ்டன்ட் சேகரத்துக்குப் (ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு பெண் குருவானவர் நியமிக்கப்பட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பையும், அதன் மீது எடுக்கப்பட்ட முடிவுகளையும், மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஊர், திருமண்டலம் (ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி), ஆட்கள் ஆகியவற்றை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. பேராயர் அமைத்த மூவர் குழுவில் சபையாரின் சார்பில் நான் இருந்தேன். பெண்களுக்குக் குருத்துவம் வழங்குவது வேதத்துக்கு உகந்தது என்பது என் உறுதியான நம்பிக்கை. அதை மறைத்துவிட்டு நடுநிலையாளனைப் போல எழுதுவது வாசகருக்குச் செய்யும் நேர்மையாகாது. அதே வேளையில், எதிர்த்தவர்களின் வாதத்தை அவர்களே படித்தாலும் தங்களுடையது என்று ஏற்றுக்கொள்ளும் விதத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்திருக்கிறேன்.

பின்னணி

இந்தியாவில் புராட்டஸ்டன்ட் ஊழியம் தொடங்கிய மண் இது. சீகன்பால்கும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1733இல் ஆரோன் அங்கே குருத்துவ அபிஷேகம் பெற்றார். இந்தியர் ஒருவர் புராட்டஸ்டன்ட் குருவானது அதுவே முதல் முறை. யார் குருவாகலாம், யார் ஆகக்கூடாது என்ற கேள்வி ஆகவே இந்தப் பகுதிச் சபைகளுக்குப் புதிதன்று. அதை எதிர்கொண்ட நீண்ட வரலாறு அவற்றுக்கு உண்டு.

அந்த மிஷனுக்கு ஆதரவளித்த டென்மார்க்கின் திருச்சபை 1948இலேயே பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்துவிட்டது. சுவீடன் திருச்சபை 1958இல் முடிவெடுத்து 1960இல் செயல்படுத்தியது. தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குருவானவர் 1976இல் அபிஷேகம் பெற்றார். 2013இல் எகோனி புஷ்பலலிதா நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார். மறுபுறம், அதே 1976ஆம் ஆண்டுத் தேதியிட்ட ரோமின் அறிக்கையும், 1994இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிய கடிதமும், பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று கூறின. வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோவிலுக்கும் நடுவே வாழ்கிற மக்களுக்கு இது தொலைவில் நடக்கும் விவாதம் அல்ல. இங்குள்ள புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் பலவற்றில் மருமகளோ சம்பந்தியோ கத்தோலிக்கராக இருப்பார். ‘உங்கள் கோவிலில் பொம்பளையா பூசை வைக்கிறது?’ என்ற கேள்வி திருமண வீட்டுப் பந்தியில் வந்து விழும்.

ஆய்வுக்குரிய சேகரம் ஒரு தாய்ச் சபையும் அதைச் சுற்றிய சில கிராமச் சபைகளும் கொண்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். இன்று அவர்களில் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வளைகுடாவிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறவர்கள் உண்டு. சேகரத்துக்கு மிஷன் காலத்திலிருந்து கொஞ்சம் நன்செய் நிலம் இருக்கிறது. அது சபையாருக்கே குத்தகைக்கு விடப்பட்டு, ஒரு பகுதி நெல்லாகவும் ஒரு பகுதி பணமாகவும் வசூலாகிறது. சேகரக் கமிட்டிக்குக் குருவானவரே தலைவர். குத்தகைச் சீட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் செல்லாது. பின்னால் வருகிறவற்றுக்கு இந்தச் செய்தி முக்கியமானது.

நியமனமும் முதல் மாதங்களும்

மே மாத இடமாற்ற ஆணையில் நியமனம் வந்தது. நியமிக்கப்பட்டவர் முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்தவர்; நான்கு ஆண்டு பி.டி. இறையியல் படிப்பை முடித்து, ஒரு நகரச் சபையில் உதவிக் குருவாகப் பணியாற்றி, முறைப்படி குருத்துவ அபிஷேகம் பெற்றிருந்தார். கணவர் வேறு ஊரில் ஆசிரியர். ஜூன் மாதத்தில், மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில், தொடக்கப்பள்ளி வயது மகளுடன் அவர் குருமனைக்குக் குடிவந்தார்.

முதல் சில வாரங்களில் எதிர்ப்பு வெளிப்படவில்லை. அவருடைய பிரசங்கத்தைக் கேட்டார்கள். வீட்டு ஜெபத்துக்கு அழைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கச் சொன்னார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஆராதனையில், ஆண்கள் பக்கத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் பீடத்தின் முன் வந்து முழங்காற்படியிடவில்லை. பெண்கள் பக்கத்திலும் மூத்தவர்கள் சிலர் தங்கள் இடத்திலேயே இருந்துவிட்டார்கள். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. வராதவர்களில் சிலர் பக்கத்து ஊரில் வசித்த ஓய்வுபெற்ற ஆண் குருவானவர் ஒருவரை அணுகி, தங்களுக்குத் தனியாகத் திருவிருந்து கொடுக்கும்படி கேட்டார்கள். அவர் பேராயரின் அனுமதியின்றி முடியாது என்று மறுத்துவிட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு கிராமச் சபையில் மரணம் நிகழ்ந்தது. கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும் வரப்பு முழுகிக் கிடந்தது. குருவானவர் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் அடக்க ஆராதனையை நடத்தினார். இது போன்ற ஒரு நிகழ்வோடு மனங்கள் மாறிவிட்டன என்று முடியும் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. இறந்தவரின் குடும்பத்தார் மனமார நன்றி கூறினார்கள். அடுத்த முதல் ஞாயிறு அவர்களில் ஆண்கள் எவரும் பீடத்துக்கு வரவில்லை. அன்பும் மரியாதையும் ஒரு தளத்திலும், திருவிருந்து வேறொரு தளத்திலும் இருந்தன. முதலாவது வளர்வதால் இரண்டாவது தானாக மாறாது என்பதுதான் அந்த மாதங்களில் கண்ட தெளிவான உண்மை.

மனு

டிசம்பருக்கு முன் பேராயருக்கு ஒரு மனு சென்றது. குடும்பத் தலைவர்கள் பலர் கையெழுத்திட்டிருந்தார்கள். கையெழுத்துகளில் ஒன்றுகூடப் பெண்ணுடையது அல்ல. பெண்கள் சபையில் உபதேசிக்கவோ பேசவோ கூடாது என்னும் 1 தீமோத்தேயு 2:12, 1 கொரிந்தியர் 14:34 ஆகிய வசனங்களையும், கிறிஸ்து தெரிந்துகொண்ட பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆண்களே என்பதையும் மனு சுட்டியது. குருவானவரின் நடத்தை குறித்தோ உழைப்பு குறித்தோ ஒரு குறைகூட அதில் இல்லை. கோரிக்கை இரண்டு: அவரை இடமாற்ற வேண்டும், இயலாதெனில், மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு மட்டும் ஆண் குருவானவர் ஒருவரை அனுப்ப வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை பார்வைக்கு இணக்கமானது. திருமண்டல அலுவலகத்தில் சிலர் அதை ஏற்கலாம் என்றார்கள். பேராயர் இரண்டையும் மறுத்தார். காரணத்தைச் சேகரத்துக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார்: மாதம் ஒருமுறை வேறொருவரை அனுப்பினால், சபை தானே வழங்கிய அபிஷேகம் செல்லாது என்று சபையே சொன்னதாகும். அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் அனுபவத்தையும் நினைவில் வைத்திருந்தார். அங்கே 1994இல் முதல் பெண் குருக்கள் அபிஷேகம் பெறுவதற்கு முன்பே, 1993இல், ஏற்க இயலாத சபைகளுக்கென்று தனிப் பேராயர்களை ஏற்படுத்த வழிசெய்யப்பட்டது. 2015இல் முதல் பெண் பேராயர் பதவியேற்ற பிறகும் அந்தத் தனி ஏற்பாடு வேறு வடிவில் நீடிக்கிறது. தற்காலிகம் என்று எண்ணித் தொடங்குவது நிலைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே என்று நானும் கருதுகிறேன்.

மனுவைத் தள்ளுவதோடு நில்லாமல், சென்று கேட்டு வரும்படி மூவர் குழுவை அவர் அமைத்தார். அண்டைத் திருமண்டலத்தின் மூத்த குருவானவர் ஒருவர், இறையியல் கற்பிக்கும் பெண் ஒருவர், நான் ஆகியோர் அதில் இருந்தோம்.

கேட்டதும் கண்டதும்

ஆண்கள், பெண்கள், வாலிபர் எனத் தனித்தனியாகவும், பிறகு எல்லோரையும் ஒன்றாகவும் சந்தித்தோம். ஒன்றாகக் கூடிய கூட்டங்களில் பேசப்பட்டது வேதம் மட்டுமே. தனியே சந்தித்தபோது வேறு மூன்று காரணங்கள் வெளிப்பட்டன. ஒரே மறுப்பாகத் தோன்றியது உண்மையில் நான்கு மறுப்புகளின் முடிச்சு என்பது புரிந்த பிறகுதான் எங்கள் வேலை நடக்கத் தொடங்கியது.

வேத வாதத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எங்கள் மூவரையும்விட வேதாகமத்தை அதிகம் மனப்பாடமாக அறிந்தவர். ஆதியில் ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டதைப் பவுல் தன் கட்டளைக்குக் காரணமாகக் காட்டுகிறார். ஆகவே அது தீமோத்தேயு இருந்த எபேசு நகரத்துக்கு மட்டும் உரிய கட்டளையாக இருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் மையம். எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அன்று. குழுவின் இறையியல் ஆசிரியை அதற்கு அளித்த பதில்கள் இவை: 1 கொரிந்தியர் 14இல் பெண்கள் பேசக்கூடாது என்று எழுதிய அதே பவுல், 11:5இல் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடைமுறையாக ஏற்று, எவ்விதம் செய்ய வேண்டும் என்று மட்டுமே கூறுகிறார், ரோமர் 16ஆம் அதிகாரத்தில் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளையும், அப்போஸ்தலருக்குள் பேர்பெற்ற யூனியாவையும் வாழ்த்துகிறார், அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கிச் சொன்னவர்களில் பிரிஸ்கில்லாள் ஒருவர், உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷருக்கு அறிவிக்கும்படி முதலில் அனுப்பப்பட்டவர் மகதலேனா மரியாள். பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்றால் பன்னிரண்டு பேரும் யூதர்களும்கூட. அந்த அளவுகோலை வைத்தால் தமிழர் எவரும் குருவாக முடியாது. தலைமையாசிரியர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டாவது காரணம் தீட்டு. இதைக் கூட்டத்தில் எவரும் சொல்லவில்லை. பெண்கள் கூட்டம் முடிந்து எழும்போது, பீடத்துக்கு வர மறுத்த மூதாட்டி ஒருவர் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அந்த நாளு வந்தா அவுங்க என்ன பண்ணுவாங்க? அந்தக் கையாலதான அப்பத்தத் தொடுவாங்க?” என்று கேட்டார். அதன் பிறகுதான் மற்றவர்களும் பேசினார்கள். இது வேதத்தின் பெயரால் வந்த எண்ணம் அன்று. அக்கம்பக்கத்திலிருந்து வீட்டுக்குள் வந்து தங்கிவிட்ட எண்ணம். பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு நிற்காத) பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டபோது அவர் அவளை விலக்காமல், மகளே என்று அழைத்ததை ஆசிரியை அவர்களோடு சேர்ந்து வாசித்தார். ஆண்கள் இல்லாத அறையில் அந்த வாசிப்பு நடந்தது என்பது மிகவும் முக்கியம். நான் வெளியே இருந்தேன். உள்ளே பேசப்பட்டதைப் பின்னர் அவர்கள் அனுமதித்த அளவே அறிந்தேன்.

மூன்றாவது குத்தகை. குருவானவர் வந்த இரண்டாம் மாதமே குத்தகைப் பதிவேட்டைக் கேட்டிருந்தார். பல போகங்களாக நிலுவை இருந்தது. மனுவில் முன்னணியில் கையெழுத்திட்டவர்களில் சிலர் நிலுவைதாரர்கள். மனு முழுவதுமே இதற்காக எழுதப்பட்டது என்று சொல்வது பெரும் அநியாயமாகும். தலைமையாசிரியருக்கு ஒரு குழி நிலமும் குத்தகையில் இல்லை. ஆனால் வேதக் கேள்வியைத் தூக்கிப் பிடிப்பவர்களின் பின்னால் நிலுவைக் கேள்வியை மறைத்துக்கொள்ள விரும்பியவர்களும் இருந்தார்கள்.

நான்காவது, ஊர் என்ன சொல்லும் என்பது. பெண் குருவை அனுப்பினால் தங்கள் சேகரத்தைத் திருமண்டலம் இளக்காரமாக எண்ணுகிறது என்றும், நகரச் சபைகள் வேண்டாமென்றவரைத் தங்கள் மேல் ஏற்றிவிட்டார்கள் என்றும் வாலிபர் சிலர்கூட நம்பினார்கள். பல தலைமுறைகளாகப் புறக்கணிப்பையே கண்ட மக்களிடம் இந்தச் சந்தேகம் எழுவது வியப்பன்று.

எடுத்த முடிவுகள்

நான்கையும் பிரித்தோம். குத்தகைக் கணக்கைத் திருமண்டலக் கணக்காயர் ஒருவரிடம் ஒப்படைத்து, மனு குறித்த எந்தப் பேச்சிலும் அதைக் கொண்டுவரக்கூடாது என்று இரு தரப்பாரிடமும் உறுதி பெற்றோம். வேதக் கேள்விக்கு வாரந்தோறும் வேதபாடம் வைத்து, ஒரு வாரம் தலைமையாசிரியரும் மறு வாரம் குருவானவரும் நடத்தும்படி கேட்டுக்கொண்டோம். பீடத்துக்கு வராதவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை கூடாது, அவர்கள் வகிக்கும் பொறுப்புகளைப் பறிக்கக்கூடாது என்று பேராயருக்குப் பரிந்துரைத்தோம். மனச்சாட்சியை அதட்டி வரவழைக்கும் திருவிருந்து திருவிருந்தாகாது என்பதே காரணம்.

கடினமான முடிவு வேறொன்று. பொதுக் கூட்டத்தில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் ஒரு சமரசம் சொன்னார்: ஆராதனையைக் குருவானவரே நடத்தட்டும், அர்ப்பண ஜெபத்தையும் அவரே சொல்லட்டும், அப்பத்தை மட்டும் அருகில் நிற்கும் ஆண் மூப்பர் கையில் எடுத்துக் கொடுக்கட்டும். கிண்ணத்தைச் சபையார் உதவியாளர் வழங்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. ஆகவே முறைமையில் பெரிய மீறல் இல்லை. குருவானவரும் சமாதானத்துக்காக ஒப்புக்கொள்ளும் மனநிலையில் இருந்தார். குழுவில் எங்களுக்குள்ளேயே கருத்து பிரிந்தது.

அப்போது எண்பது வயதைக் கடந்த முன்னாள் உபதேசியார் (குருத்துவம் பெறாமல் சபைக்குப் போதிப்பவர்) ஒருவர் எழுந்து, தரங்கம்பாடி மிஷனின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சொன்னார். ஆரோனுக்குப் பிறகு இரண்டாவது இந்தியக் குருவை அபிஷேகம் செய்ய வேண்டி வந்தபோது, தஞ்சை நாட்டில் உழைத்துச் சபைகளை வளர்த்த உபதேசியார் இராஜநாயக்கன் பெயர் எண்ணப்பட்டது. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையிலிருந்து திருவிருந்து பெற மனம் கொள்ளமாட்டார்கள் என்று மிஷனரிகள் கருதினார்கள். 1741இல் தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். இதைச் சொல்லிவிட்டு முதியவர், “அன்னைக்கு நம்ம கையத்தான் வேணாம்னாங்க. இன்னைக்கு நாம அந்தப் பொண்ணு கைய வேணாங்கறோம்” என்றார்.

சமரசம் சொன்னவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தலைமையாசிரியர் மட்டும் பதில் கூறினார்: சாதி மனிதன் செய்த பாவம், ஆண் பெண் ஒழுங்கு தேவன் வைத்தது, இரண்டையும் ஒன்றாக்குவது சரியல்ல என்றார். அந்தப் பதிலின் கனத்தை நான் உணர்கிறேன். ஆயினும் 1741இல் தயங்கியவர்களும் தங்கள் ஒழுங்கைப் படைப்பின் ஒழுங்காகத்தானே எண்ணியிருப்பார்கள்? ஒருவரின் கையிலிருந்து பிரசங்கமும் ஆறுதலும் பெற்றுக்கொண்டு அப்பத்தை மட்டும் மறுக்கும் இடத்தில், மறுக்கப்படுவது கொள்கையா கையா என்று கேட்டாக வேண்டும். அப்பத்தைக் குருவானவரே கொடுப்பார் என்று முடிவாயிற்று.

தொடர்ந்து நடந்தவை

தை மாத அறுவடைக்குப் பின் வந்த அறுப்பின் பண்டிகையில் வழக்கம்போல் நெல் படைத்தார்கள், ஏலம் நடந்தது, அசன விருந்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரிய வியாழன் திருவிருந்தில் வந்தவர்கள் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது. முதலில் வந்தவர்கள் மூத்த பெண்கள். கையைப் பிடித்துக் கேள்வி கேட்ட மூதாட்டி அவர்களில் ஒருவர். அவர்கள் வீட்டு ஆண்களில் பலர் அடுத்த சில மாதங்களில் வந்தார்கள். சில குடும்பங்கள் வரவேயில்லை. பக்கத்து ஊரில் உள்ள சுயாதீன ஜெபவீடு ஒன்றுக்குப் போய்விட்டார்கள். அந்த இழப்பைச் சிறியதென்று நான் கருதவில்லை. போனவர்களில் மூன்று தலைமுறையாக அந்தக் கோவிலில் மணியடித்த குடும்பமும் ஒன்று.

குத்தகைக் கணக்கு முடிவதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. நிலுவையில் ஒரு பகுதி வசூலானது. வெள்ளத்தில் சம்பா அழிந்த போகத்துக்குரியது தள்ளுபடி செய்யப்பட்டது. அந்தத் தள்ளுபடியைக் கமிட்டியில் முன்மொழிந்தவர் குருவானவரே. அடுத்த சேகரக் கமிட்டித் தேர்தலில் பெண்கள் இருவர் இடம்பெற்றார்கள்.

தலைமையாசிரியர் தன் நிலையிலேயே இருந்தார். வேதபாடத்தை விடாமல் நடத்தினார். குருவானவரின் மகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். திருவிருந்துக்கு மட்டும் நகரச் சபைக்குப் பேருந்தில் போய்வந்தார். மூன்று ஆண்டுகள் முடிந்து குருவானவர் வழக்கமான சுழற்சியில் மாற்றப்பட்டார். அடுத்து வந்தவர் ஆண்.

மாற்ற வேண்டியவை

நியமன ஆணை தபாலில் வந்தது. அதற்கு முன் சேகரத்தில் எவரும் பேசவில்லை. முதல் பெண் குருவானவர் செல்லும் எந்தச் சேகரத்திலும் ஆணைக்குக் குறைந்தது சில மாதங்களுக்கு முன்பே வேதபாடம் தொடங்க வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தனியாகவும் நடக்க வேண்டும். தஞ்சையிலிருந்து சென்று பாளையங்கோட்டையில் சபையை நிறுவி, 1785இல் பிரதிஷ்டையான ஆலயத்தைக் கட்டிய கிளாரிந்தாவின் வரலாறு இந்தப் பகுதிப் பெண்களுக்கே தெரியாமல் இருந்தது. அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ஒவ்வொரு குருவானவர் மாற்றத்தின்போதும் குத்தகைக் கணக்கு தணிக்கை செய்து கையளிக்கப்பட வேண்டும். வருகிறவர் பெண் என்பதற்காக அன்று. பழைய நிலுவையைக் கேட்பது புதியவரின் தனிப்பட்ட குற்றமாகிவிடாமல் இருப்பதற்காக. சேகரத்தின் பெயரால் அனுப்பப்படும் மனுக்களில் குடும்பத் தலைவர் கையெழுத்தோடு நில்லாமல், திருவிருந்துக்குத் தகுதிபெற்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் கையெழுத்தும் கேட்கப்பட வேண்டும்.

குருமனை வாய்க்கால் கரையில் ஊருக்கு வெளியே இருந்தது. சுற்றுச்சுவரில் ஒரு பக்கம் இடிந்தே கிடந்தது. இரவில் மரணச் செய்தி வந்தால் தாய் மகளை யார் வீட்டில் விட்டுச் செல்வது என்பது மூன்று ஆண்டுகளும் தீராத சிக்கலாக இருந்தது. எங்கள் குழுவின் முதல் அறிக்கையில் இது இல்லை. குருவானவர் விடைபெறும்போது எழுதிக் கொடுத்த குறிப்பில்தான் இருந்தது. சுவர் இப்போது கட்டப்பட்டுவிட்டது.

தலைமையாசிரியரைப் போன்றவர்களுக்கு என்ன வழி என்பதற்கு எழுத்து வடிவில் விதி எதுவும் இல்லை. அவர் வேறு சபையில் திருவிருந்து பெற்றதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்; எவரும் தடுக்கவில்லை. இந்த மௌன அனுமதி அடுத்த சேகரத்தில் அடுத்த ஒருவருக்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கிடைத்தால் அது மீண்டும் தனி ஆராதனைக் கோரிக்கையாக வளராது என்பதற்கும் உறுதி இல்லை. தனிமனிதர் ஒருவர் தன் மனச்சாட்சியின்படி விலகியிருக்கலாம், ஆனால் அதற்காகச் சபை தன் ஆராதனையை மாற்றியமைக்காது என்று திருமண்டலம் எழுத்தில் வைக்க வேண்டும் எனக் குழு கேட்டிருக்கிறது. அந்த வரைவு இன்னும் திருமண்டலச் செயற்குழுவின் முன் இருக்கிறது.